லோடு இறக்க ஆள் இல்லையா? திருநெல்வேலிப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்களை வேலைக்கு வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிசானப் பருவத்து நெல் அறுவடை நடக்கிற மாசி மாதத்தில், காலை ஏழு மணிக்குப் பேட்டைப் பக்கமோ தச்சநல்லூர்ப் பக்கமோ ஒரு சுற்று வந்து பாருங்கள். குடோன் வாசலில் மூன்று லாரி நிற்கும். டிரைவர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். உள்ளே பன்னிரண்டு பேர் வேண்டிய இடத்தில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இங்கே வர லாரிக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதே லாரி என் வாசலில் ஒன்றரை நாள் நின்றிருக்கிறது. விநியோகச் சங்கிலி, ஆள் பற்றாக்குறை என்று பத்திரிகைகளில் பெரிய வார்த்தைகளில் எழுதுவது இதைத்தான்.

உரத்துக்கு ஒன்று, அரிசிக்கும் மளிகைக்கும் ஒன்று என இரண்டு குடோன் நடத்துகிறேன். உள்ளூரில் ஆள் ஏன் கிடைப்பதில்லை என்று புலம்புவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. மூட்டை தூக்கியவர் தன் மகனை டிப்ளமோ படிக்கவைத்தார். மகன் ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ போய்விட்டான். நல்ல விஷயம்தானே. அந்த இடத்துக்கு இன்று மேற்கு வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாமிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

ஆளைக் கூட்டிவருவது ஒரு போனில் முடிகிற வேலை. ஊருக்குப் போனவர் திரும்பி வருகிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹோலிக்குப் போன ஒன்பது பேரில் இரண்டே பேர் திரும்பிய வருஷமும் எனக்கு உண்டு, பத்துக்கு எட்டுப் பேர் வந்த வருஷமும் உண்டு. இடையில் நான் எதையெல்லாம் மாற்றினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆள் இல்லையா, நேரம் சரியில்லையா?

ஆள் தேடும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். லாரி வந்த நேரம், பிரித்த நேரம், கிளம்பிய நேரம், எத்தனை பேர் நின்றார்கள், ஹால்ட்டிங் (லாரி காத்து நின்றதற்கான கட்டணம்) எவ்வளவு கொடுத்தோம். அவ்வளவுதான்.

என் நோட்டில் தெரிந்தது எனக்கே ஆச்சரியம். காலை பத்திலிருந்து இரண்டு மணி வரைதான் நெருக்கடி. துறைமுகத்தில் விடியற்காலை லோடு ஏற்றிய வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. மதியத்துக்கு மேல் ஆட்கள் சும்மா இருந்தார்கள். டிரான்ஸ்போர்ட்காரரிடம் பேசி இரண்டு வண்டியை மாலைக்கு மாற்றினேன். கையால் தள்ளுகிற பேலட் டிரக் இரண்டு வாங்கினேன். பதினாறு பேர் தேவை என்று நினைத்த இடத்தில் பத்துப் பேர் போதும் என்று ஆனது.

பேக்கிங், எடை போடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, கணினியில் பதிவது போன்ற வேலைக்கு வெளியூர் ஆள் தேடாதீர்கள். உள்ளூர்ப் பெண்கள் வருவார்கள், வேன் விட்டால் போதும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடாவின் சூரிய மின்தகடு ஆலைக்குள் போய்ப் பார்த்தால் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூட்டை தூக்குவது, அட்டி போடுவது (மூட்டைகளை அடுக்குவது), இரவு லோடு ஆகிய மூன்றுக்குத்தான் உண்மையில் ஆள் பஞ்சம். வெளியூர் ஆட்களை அதற்கு மட்டும் வையுங்கள்.

இரண்டாம் படி: உள்ளூர் லோடுமேன்களிடம் முதலில் பேசுங்கள்

இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். சுமைப்பணிக்குச் சங்கம் உண்டு. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்றே 1982இல் ஒரு சட்டமும் அதன் கீழ் நலவாரியமும் இருக்கின்றன. இருபது வருஷமாக உங்கள் வாசலில் நிற்கிறவரிடம் சொல்லாமல் பத்துப் பையன்களை வேனில் கொண்டு இறக்கினால் அவர் சும்மா இருப்பாரா?

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்தின் மூத்தவரிடம் உட்கார்ந்து பேசினேன். அறுபது வயதைத் தாண்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, வந்தவன் வரட்டும். எங்க ரேட்டைக் கெடுக்காம இருந்தாச் சரி. பகல் லாரி எங்களுக்கு, ராத்திரி வண்டி அவனுவளுக்கு"ன்னு முடித்துவிட்டார். அப்புறம் போகிற போக்கில், "அட்டி போட அவனுவளுக்குத் தெரியுமாவே? சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்லா?" என்றார். அன்றைக்கே அவரை மேஸ்திரியாக்கினேன். தூக்குகிற வேலை இல்லை, பார்த்துக்கொள்கிற வேலை. அவர் முதுகுக்கும் அது நல்லதாகப் போனது.

அவர் சொன்ன முதல் நிபந்தனையும் சட்டமும் ஒன்றே. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுப்பதைவிட வெளிமாநிலத்தவருக்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்று 1979இன் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது.

மூன்றாம் படி: மலிவு என்ற நினைப்பை விடுங்கள்

புரிவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் ரேட் வேறாக இருக்கும், அதை இதே வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள். நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 15,600. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 507. பி.எஃப். 12 சதவீதத்தோடு நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம். 15,000 ரூபாய் உச்சவரம்புக்குக் கணக்கிட்டால் 1,950. போனஸுக்கு மாதம் 1,300 ஒதுக்குங்கள். ரூம், கரண்டு, தண்ணீர் தலைக்கு 1,500. வருஷம் ஒருமுறை ஊருக்குப் போய்வர 2,000 என்றால் மாதம் 170. மொத்தம் 21,000 ரூபாயைத் தாண்டுகிறது. 26ஆல் வகுத்தால் 808.

600 ரூபாய் ஆள் என்று நினைத்தவர் 800 ரூபாய் ஆள். ஏஜென்ட் கமிஷன் இதற்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும், வாசலில் நிற்கிற லாரிக்குக் கொடுக்கும் ஹால்ட்டிங்கையும் கெட்டுப்போகிற ஆர்டரையும்விட இது குறைவு என்று தெரிந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கூலியைக் குறைத்து இந்த 808ஐ 600க்கு இழுக்கப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

நான்காம் படி: ஆள் பிடிப்பது

மூன்று வழி உண்டு. ஏஜென்ட், சர்தார், ஏற்கெனவே வேலை பார்க்கிறவர். சர்தார் என்பவர் அந்த ஊரிலிருந்தே ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து கூடவே வேலை செய்கிறவர். வங்காளத்துப் பையன்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள்.

எனக்கு முதலில் வாய்த்தது ஏஜென்ட். போனில் பேசினார், தலைக்கு இவ்வளவு என்றார், பயணத்துக்கும் முன்பணத்துக்கும் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு பேர் என்று சொல்லி ஏழு பேர் வந்தார்கள். அந்த ஏழு பேரிடமும் அவர் தனியாகப் பணம் வாங்கியிருந்தது மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது. சம்பளம் கையில் நிற்கவில்லை என்று நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. யாரிடம், எவ்வளவு கொடுத்துவிட்டு வந்தாய் என்று வந்த அன்றே ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

நன்றாக வேலை பார்க்கிற ஒருவர் தன் தம்பியையும் சித்தப்பா மகனையும் கூட்டிவருவதுதான் நிற்கும். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே அறையில் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. ஆனால் முழுக் கூட்டமும் ஒரே ஊராக இருந்தால், அந்த ஊரில் ஒரு கல்யாணம் வந்ததும் உங்கள் குடோனைப் பூட்ட வேண்டியதுதான். நான் இரண்டு ஊர்க்காரர்களை வைத்துக்கொள்கிறேன்.

முன்பணம் கேட்பார்கள். வீட்டில் அவசரம் இருக்கும், கொடுங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாதீர்கள். "கடனை அடைத்துவிட்டுப் போ" என்று ஒருவரை நிறுத்திவைத்தால் அது 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும் குற்றம். ஆதார் அட்டையை வாங்கி மேசை டிராயரில் பூட்டிவைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. போட்டோ எடுத்துக்கொண்டு அட்டையை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வயதைப் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் யாரோ குத்துமதிப்பாகப் போட்டது என்று அர்த்தம். மீசை முளைக்காத முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் பள்ளிச் சான்றிதழைக் கேளுங்கள். பதினெட்டு ஆகவில்லையா, மூட்டைப் பக்கமே விடாதீர்கள், அண்ணனோடு வந்த தம்பியாக இருந்தாலும்.

ஐந்தாம் படி: காகிதம்

சலிப்பான பகுதி. ஆனாலும் ஒருநாள் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

29 பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நமக்கு முக்கியமானது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், வேலைச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு. பழைய சட்டத்தில் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்தான் புலம்பெயர் தொழிலாளி. இப்போது நீங்கள் நேரடியாக எடுத்தவரும், தானாக ரயில் ஏறி வந்து உங்களிடம் சேர்ந்தவரும் அந்தக் கணக்கில் வருவார்கள். மாதச் சம்பளம் 18,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் சட்டத்தில் புலம்பெயர் தொழிலாளர் பற்றிய பகுதி முழுக்க உங்களுக்குப் பொருந்தும். ஊருக்குப் போய்வரும் பயணப்படியை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பதும் அதில் அடக்கம். கான்ட்ராக்டர் வழியாக ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வைத்தால் அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். நான் ஒரே பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் அடித்துவைத்திருக்கிறேன். கூலி, நேரம், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி, வார விடுமுறை, ரூம் இலவசமா இல்லையா, அவ்வளவே. அதை வாங்கி நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்ட ஒருவர், ஊரில் மனைவிக்குக் காட்ட வேண்டும் என்றார். இத்தனை வருஷ வேலையில் அவர் கையில் வந்த முதல் கடிதமாம்.

பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ., சம்பள உச்சவரம்பு 21,000. இருபது பேர் இருந்தால் பி.எஃப். "கையில் குறைகிறதே" என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஈ.எஸ்.ஐ.யில் அவர்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் அங்கேயே மருந்தகம் குறித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் முகம் மாறும். இதைச் சொல்லாமல் சம்பளத்தில் பிடித்தால் நீங்கள் திருடுகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

தமிழ்நாடு தொழிலாளர் துறையின் இணையதளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்யத் தனிப் பகுதி இருக்கிறது. பதிவு செய்யுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு பட்டியல் கொடுத்துவையுங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டிலும் வராத சிறு இடமென்றால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஈ-ஷ்ரம் பதிவும் செய்துகொடுங்கள், பொதுச்சேவை மையத்தில் பத்து நிமிஷ வேலை. ரேஷனுக்கும் வழி உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு சேர்ந்துவிட்டது. ஊரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை இருந்தால், இவர் தன் பங்கை இங்கே வாங்கலாம், மீதியை வீட்டார் அங்கே வாங்கிக்கொள்ளலாம். கைரேகை மட்டும் சரியாகப் பதிய வேண்டும். சிமென்ட் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் படுத்தும்.

ஆறாம் படி: ரூம்

திரும்பி வருவார்களா மாட்டார்களா என்பதில் பாதி இங்கேயே தீர்மானமாகிறது.

முதல் கூட்டத்துக்கு நான் கொடுத்தது குடோனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு நீள அறை. சித்திரை வெயிலில் அதற்குள் பகலில் போய் நின்றதே இல்லை நான். ஒருநாள் மதியம் போனேன். இரவு லோடு ஏற்றிவிட்டு வந்தவர்கள் தூங்க முடியாமல் வேப்பமரத்தடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருந்தார்கள். அறைக்குள் சுவரில் ஒரே ஒரு பிளக். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொரு பாக்ஸ், பதினோரு போன், ஒரு டேபிள் ஃபேன், ஒரு கரண்டு அடுப்பு. முதல் பாக்ஸின் ஓரம் உருகிச் சுருங்கிப்போயிருந்தது. தொட்டேன், சுட்டது. பக்கத்திலேயே பாய், அதன் மேல் கொசுவலை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து தலைக்கு ஒரு பிளக் பாயின்ட், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் தானே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்), இரண்டு ஃபேன் என்று போட்டேன். ஒரு லாரி ஒருநாள் நின்றால் ஆகிற செலவுதான் ஆனது.

இப்போது வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறேன். ஓடு போட்ட பழைய வீடு, வெயில் தெரியாது. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இல்லை. பத்துப் பேருக்கு இரண்டு கக்கூஸ், தனியாகக் குளிக்குமிடம். துவைத்துக் காயப்போடக் கொடி வேண்டும். அதை மறந்தால் ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத்துணி தொங்கும், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். வீடு பார்க்கும்போதே தெருக்காரர்கள் இரண்டு பேரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். "யாரோ இந்திக்காரப் பசங்க" என்று இருந்தது "அண்ணாச்சி குடோன் பையன்கள்" என்று ஆனால் எல்லாம் மாறும்.

தாழ்வான இடத்தில் வீடு எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தாமிரபரணி என்ன செய்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சந்திப்பு, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் தண்ணீர். மூட்டைகளை மேல் அட்டிக்கு ஏற்றுகிற அவசரத்தில் பையன்கள் தங்கியிருந்த அறையை யாரும் நினைக்கவில்லை. அவர்களே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் குடோனுக்கு வந்து, சரக்கை ஏற்ற எங்களுக்குக் கைகொடுத்தார்கள். அவர்கள் துணிமணி எல்லாம் நனைந்துபோனது. அதை நான் மறக்கவில்லை, அவர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

சாப்பாடு. மெஸ் வைத்துக்கொடுத்து நானும் பார்த்தேன். சாம்பாரும் ரசமும் மூன்று நாள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள், நாலாம் நாள் பாதியைக் கொட்டிவிட்டார்கள். கேஸ் அடுப்பு, குக்கர், கடாய் வாங்கிக்கொடுத்து அவர்களையே சமைக்கவிடுங்கள். கடுகெண்ணெய், உருளைக்கிழங்கு, பருப்பு, கோதுமை மாவு இருந்தால் போதும். வங்காளத்துக்காரருக்கும் ஒடிசாக்காரருக்கும் சோறுதான் முக்கியம், புழுங்கலரிசி அங்கேயும் பழக்கம் என்பதால் நம்மூர் அரிசி சரியாகப் போகும். வாரம் ஒருநாள் மீன் கிடைத்தால் வங்காளப் பையன்கள் பாட்டே பாடுவார்கள்.

ஏழாம் படி: முதல் வாரம் மூட்டை தூக்கவிடாதீர்கள்

வந்த மறுநாளே லோடுக்கு இறக்குவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தவர். அவர் ஊரில் வயல் வேலை செய்தவராகவோ, கல் உடைத்தவராகவோ இருக்கலாம். சர்க்கரை மூட்டையும் சிமென்ட் மூட்டையும் 50 கிலோ, யூரியா 45 கிலோ. எடையைவிடச் சாக்குதான் வம்பு செய்யும். சணல் சாக்கு தோளில் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கு வேர்வை பட்டதும் வழுக்கும்.

எங்கள் மேஸ்திரி சொல்லிக்கொடுப்பதைப் பார்க்க வேண்டும். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. துண்டை முறுக்கிச் சுற்றிச் சும்மாடு கட்டிப் பையன் தலையில் வைத்து அழுத்துவார். லாரியிலிருந்து போட்ட பலகையில் தானே வெறுங்காலோடு நடந்து காட்டுவார், குதிகால் முதலில் படாமல் பாதம் முழுக்கப் பதிய. பையன் நடக்கும்போது இவர் பின்னாலேயே போய், அடி தப்பினால் கெண்டைக்காலில் லேசாகத் தட்டுவார். அட்டி போடும்போது ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில், செங்கல் கட்டுகிற மாதிரி. மூட்டையின் தைத்த வாய் உள்பக்கம் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் பிரிந்து ஒழுகி, ஒரு மூட்டை இறங்க, மொத்த அட்டியும் சாயும். ஒருமுறை சாய்ந்தது. நல்லவேளை, சாப்பாட்டு நேரம்.

மொழிக்கு வகுப்பு எடுக்க வேண்டாம், ஆறேழு வார்த்தை போதும். "நில்", "விலகு", "மெதுவா", "வண்டி பின்னால வருது". இவற்றை அவர்கள் தமிழில் கற்க வேண்டும், நம் ஆட்கள் இந்தியில் கற்க வேண்டும். லாரி ரிவர்ஸ் வரும்போது "ருக்கோ" என்று கத்த நம் கிளீனர் பையனுக்குத் தெரிந்திருந்தால் ஒரு கால் தப்பும். பின்னால் வருகிற வண்டிக்கு ஒருவரை விசிலோடு நிறுத்துங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. "வடக்கன்", "ஏய் இந்தி" என்று கூப்பிடுகிற பழக்கம் குடோனில் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். முதலாளி எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

எட்டாம் படி: கணக்கு

மூட்டைக் கூலியா, நாள் கூலியா என்று முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். மூட்டைக் கூலியானாலும் கணக்குப் பார்க்கும்போது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. சாப்பாட்டுச் செலவுக்கு வாரம் ஒரு தொகை, மீதி மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில். இப்படித்தான் நான் வைத்திருக்கிறேன். பணம் ஏறிய நிமிஷமே அது ஊருக்குப் பறந்துவிடும், போனிலேயே.

ஜார்க்கண்ட் பையன் ஒருவன் ஒருமுறை என் மேசைக்கு வந்து நின்றான். நாற்பது மூட்டை குறைகிறது என்றான். எங்கள் கணக்குப்பிள்ளை, "அவன் எதையாவது சொல்லுவான் சார்" என்றார். பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். பக்கம் பக்கமாகக் கோடுகள், நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று, மேலே தேதி, லாரி நம்பரின் கடைசி நாலு எண். எடுத்து ஒப்பிட்டோம். ஒரு ராத்திரி வண்டியை எங்கள் ஆள் எழுதாமல் விட்டிருந்தார். பையன் கணக்குத்தான் சரி. அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டி முடிந்ததும் சுவரில் கரும்பலகையில் எழுதுகிறோம், இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டிய பிறகே அழிப்போம்.

வேலையை விட்டுப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் இரண்டு வேலை நாளுக்குள் முழுக் கணக்கையும் தீர்க்கச் சொல்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. "அடுத்த மாசம் வாங்கிக்க" என்று இழுத்தடித்தால் அந்த ஆள் ஊருக்குப் போய்ச் சொல்லுவார். அந்த ஊரிலிருந்து உங்களுக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

ஒன்பதாம் படி: இரண்டு ஊர்க் காலண்டரையும் சுவரில் மாட்டுங்கள்

நம் பக்கம் பாபநாசம் அணை திறந்து கார் பருவ நெல் சாகுபடி தொடங்கினால் உரத்துக்கு அவசரம். ஐப்பசி, கார்த்திகையில் பிசானத்துக்கு உரம். மாசி, பங்குனியில் நெல். ஹோலி எப்போது வருகிறது? அதே மாசி, பங்குனியில். நம் நெல் மூட்டை குவிகிற வாரத்தில் பீகார்க்காரருக்கு ஊருக்குப் போயே ஆக வேண்டும். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை, அதற்கும் போவார்கள். வங்காளத்துக்காரருக்குத் துர்கா பூஜை, முஸ்லிம் பையன்களுக்குப் பெருநாள். கார்த்திகை, மார்கழியில் அவர்கள் ஊரிலும் நெல் அறுப்பு.

தேர்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, சட் பூஜை அந்த மாதக் கடைசி வாரம், பீகார் சட்டமன்றத் தேர்தல் நவம்பர் 6, 11. தீபாவளிக்குப் போனவர் ஓட்டுப் போட்டுவிட்டுத்தானே கிளம்புவார்? மூன்று வாரத்துக்கு மேல் ஆள் இல்லை. காலண்டரைப் பார்த்திருந்தால் முன்கூட்டியே ஓரளவு கணித்திருக்கலாம்.

போகாதே என்று தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பிரித்து அனுப்பலாம். அதற்குத்தான் இரண்டு ஊர், இரண்டு மதம், இரண்டு பண்டிகை என்று கலந்து வைப்பது. பெருநாளுக்குப் போகிறவர் ஹோலிக்கு நிற்பார். அந்த வாரங்களுக்கு உள்ளூர் லோடுமேன்களிடம் முன்கூட்டியே பேசிவைக்கலாம். இரண்டாம் படியில் அவர்களோடு நல்லபடியாக முடித்திருந்தால் இப்போது வருவார்கள்.

பத்தாம் படி: வதந்தி வந்தால்

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ எப்போதோ எடுத்தவை. தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. முதலமைச்சர் ஸ்டாலினே நம் மாவட்டத்துக் காவல்கிணற்றில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் வடமாநிலத் தொழிலாளர்களிடம் பேசினார். அதெல்லாம் சரி. ஆனால் பையனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் பண்ணுகிறாள். அவளுக்கு யார் சொல்வது?

நான் செய்தது இவ்வளவுதான்: வீடியோ காலில் அந்த அம்மாவிடம் பேசினேன். எனக்கு இந்தி அரைகுறை. மேஸ்திரியும் பக்கத்தில் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். குடோனைச் சுற்றிக் காட்டினோம், சமையல் பாத்திரத்தைத் திறந்து காட்டினோம். அன்று இரவு ஆறு வீட்டுக்குப் பேசினேன். மூன்று பேர் அப்படியும் போனார்கள், போகட்டும் என்று கணக்கை முடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொருவரின் வீட்டு நம்பரும் என் போனில் இருக்கிறது. நம்பர் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

பதினோராம் படி: டிக்கெட்

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. திருநெல்வேலி வழியாக ஹௌரா போகிற கன்னியாகுமரி வண்டி வாரம் ஒருமுறை. பீகார்க்காரர்கள் பெரும்பாலும் சென்னையில் இறங்கி மாற வேண்டும். பண்டிகைக்கு அறுபது நாள் இருக்கும்போது காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து டிக்கெட் போடுங்கள். போகிற டிக்கெட்டோடு நிறுத்தாதீர்கள், திரும்புகிற தேதியையும் அவரிடமே கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள். பயணப்படி எப்படியும் கொடுக்க வேண்டிய பணம். கையில் கொடுத்தால் செலவாகிவிடும், அவர் ஜெனரல் பெட்டியில் நின்றுகொண்டு போவார். டிக்கெட்டாகக் கொடுத்தால் படுத்துப் போவார்.

கிளம்புகிற அன்று முழுக் கணக்கு, முழு போனஸ், வீட்டுக்கு ஒரு அல்வாப் பொட்டலம். போனஸில் பாதியைத் திரும்பி வந்ததும் கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நானும் ஒரு வருஷம் அப்படிச் செய்துபார்த்தேன். பணத்துக்காக வந்த இரண்டு பேர் அதை வாங்கிக்கொண்டு மறுவாரமே போய்விட்டார்கள். அதனால் இப்போது முழுவதையும் போகும்போதே கொடுத்துவிடுகிறேன்.

போன ஹோலிக்கு ஜங்ஷன் வரை மேஸ்திரிதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். ரயில் கிளம்பினதும் எனக்குப் போன் பண்ணினார். "அண்ணாச்சி, அந்த நோட்டுப் பையன் அவன் சும்மாட்டுத் துண்டை என்கிட்ட கொடுத்துட்டுப் போறான். வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லுதான். தமிழ்லயே சொல்லுதான்வே."